கம்பியில் சுற்றும் ஸ்டன்ட் விமானம்: எந்த இன்ஜின் வாங்குவது? – வாசகர் கேள்வி பதில்

கன்ட்ரோல் லைன் மாடல் விமானம் பற்றி வந்த கடிதங்களில் முக்கால்வாசி இன்ஜினைப் பற்றித்தான் கேட்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம்: இதில் ரேடியோ கிடையாது. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் இடது இறக்கை வழியாக உள்ளே போய் பெல்கிராங்க் என்ற சின்னத் தகட்டை அசைக்கும், அந்தத் தகடு வாலில் உள்ள எலிவேட்டரை ஏற்றி இறக்கும். ஓட்டுபவர் வட்டத்தின் நடுவில் கைப்பிடியோடு நின்று கூடவே சுற்றுவார். திராட்டில் கிடையாது. கிளம்பினால் டேங்க் காலியாகும் வரை பறக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்து போர்ட்லண்டைச் சேர்ந்த ஜிம் வாக்கர் 1940 வாக்கில் ‘யு-கன்ட்ரோல்’ என்று பெயரிட்டு விற்றுப் பரப்பிய விளையாட்டு இது. அதில் லூப், சதுர லூப், முக்கோணம், படுத்த எட்டு, நின்ற எட்டு, மணற்கடிகாரம், நாலிதழ்ப் பூ என்று வரிசையாகப் போட்டு நடுவரிடம் மதிப்பெண் வாங்குவதுதான் ஸ்டன்ட். உலகப் போட்டிகளில் இந்தப் பிரிவுக்குப் பெயர் எஃப்2பி.

கேள்வி: கல்லூரியில் என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தபோது கன்ட்ரோல் லைன் ஓட்டியிருக்கிறேன். வட்டமடித்து இறக்கியதோடு சரி. இப்போது வேலை, குடும்பம் எல்லாம் ஒரு நிலைக்கு வந்துவிட்டதால் ஸ்டன்ட் பழகலாம் என்று ஆசை. லூப், எட்டு எல்லாம் போட எவ்வளவு பவர் வேண்டும்? கொஞ்சம் பெரிய இன்ஜினாக வாங்கிவிட்டால் பின்னாலும் உதவும்தானே? (தாம்பரம்)

பதில்: பவர் எவ்வளவு என்று கேட்டால் பதில் சீக்கிரம் முடிந்துவிடும். இன்று கிடைக்கிற எந்த 40 சைஸ் (சுமார் 6.5 சி.சி.) இன்ஜினிலும் ஸ்டன்டுக்குத் தேவையானதைவிட அதிக பவர் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது, விமானம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த இன்ஜின் வேகத்தை எவ்வளவு ஒரே சீராக வைத்திருக்கிறது என்பதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைப்பிடியிலிருந்து விமானம் வரை 20 மீட்டர் என்றால் ஒரு சுற்று கிட்டத்தட்ட 126 மீட்டர். ஸ்டன்டில் ஒரு சுற்றுக்கு 5 முதல் 5.5 வினாடி வரை எடுப்பார்கள். 5.2 என்று வைத்துக்கொண்டால் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். அந்த வேகத்தில் விமானம் தன் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு விசையோடு உங்கள் கையை இழுக்கும். 1.2 கிலோ விமானம் என்றால் மூன்றரை கிலோவுக்கு மேல். இந்த இழுப்புதான் உங்களுக்கும் விமானத்துக்கும் உள்ள ஒரே தொடர்பு. லூப்பின் உச்சியிலும், தலைக்கு மேல் போடும் எட்டிலும் வேகம் குறைந்தால் கம்பி தளரும், எலிவேட்டர் பேச்சைக் கேட்காது, அப்புறம் தரைதான். சரி, அதற்காக வேகத்தைக் கூட்டி 4.5 வினாடியில் ஓட்டினால் சதுர லூப்பின் மூலைகளை யோசித்துப் போட நேரமே இருக்காது, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் திருப்பி நிமிர்த்த வேண்டிய இடத்தில் மண்ணில் குத்துவீர்கள். அதனால்தான் ஸ்டன்ட்காரர்கள் ஒரு இன்ஜினைப் பற்றிப் பேசும்போது குதிரைத்திறனைச் சொல்வதே இல்லை, ‘ரன்’ எப்படி என்றுதான் கேட்பார்கள்.

இந்த ‘ரன்’ இரண்டு வகை. பழைய வகை, நாலு-இரண்டு பிரேக். இவை இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்கள்தான், ஆனால் எரிபொருள் அளவைத் திருத்தும் நீடிலைத் திறந்து கலவையை ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) வைத்தால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் எரியும், சத்தமும் நாலு ஸ்ட்ரோக் போலக் கரகரப்பாகத் ‘தடதட’ என்று வரும். நேர் பறப்பில் இப்படியே ஓடும். மூக்கைத் தூக்கியதும் சுமை ஏறும், அப்போது இன்ஜின் தானாகவே ஒவ்வொரு சுற்றும் எரிய ஆரம்பித்து ‘விர்ர்’ என்று இழுக்கும், லூப்பிலிருந்து நேரானதும் மறுபடி தடதடவுக்கு இறங்கிவிடும். மலைப்பாதையில் பஸ் டிரைவர் யாரும் சொல்லாமலே கியர் மாற்றுவாரே, அதே மாதிரி. பழைய அமெரிக்க ஸ்டன்ட் இன்ஜினான ஃபாக்ஸ் 35, அதில் நல்லது ஒன்றை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டுவிட்டால் விமானத்தைப் பார்க்காமலே, காதால் மட்டும் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது வகை, கொஞ்சம் ரிச்சான இரண்டு ஸ்ட்ரோக்கிலேயே முழுக்க ஓட்டுவது. பிட்ச் (ஒரு சுற்றுக்கு ப்ராப், அதாவது முன்விசிறி, முன்னேறும் தூரம்) குறைந்த ப்ராப் போட்டு அதிகச் சுற்றில் விடுவார்கள். இங்கே வேகத்தைக் கட்டுப்படுத்துவது இன்ஜினின் சத்த மாற்றம் இல்லை, ப்ராப்தான். 6 அங்குல பிட்ச் ப்ராப் ஏட்டுக் கணக்கில் 87 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 9,500 சுற்று சுற்ற வேண்டும், 4 அங்குல பிட்ச் என்றால் 14,000-க்கு மேல். பிளேடு வளைவினால் நடைமுறையில் இந்த எண்கள் மாறும், ஆனால் விகிதம் இதுதான். விமானம் கொஞ்சம் வேகம் கூடினாலும் குறைந்த பிட்ச் ப்ராப்பின் இழுவை சட்டென்று குறைந்து அதைப் பிடித்து நிறுத்தும், வேகம் குறைந்தால் சட்டென்று இழுக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது: முதல் விமானத்துக்கு 20 அல்லது 25 சைஸ், அதாவது 3.3 முதல் 4.1 சி.சி. வரை. ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனத்து 20 எஃப்பி, 25 எல்ஏ இரண்டும் இந்த வேலைக்குப் பேர்போனவை. 9×4 ப்ராப் (விட்டம் 9 அங்குலம், பிட்ச் 4) போட்டு, நீடிலை இரண்டு ஸ்ட்ரோக்கில் வைத்து, மேற்கொண்டு எதையும் தொடாமல் ஓட்டலாம். இரண்டுமே இப்போது தயாரிப்பில் இல்லை, ஆனால் பழைய சாமான் விற்பவர்களிடம் நிறையப் புழங்குகின்றன. இன்னும் பெரிய விமானம்தான் வேண்டும் என்றால் ஓ.எஸ். 46 எல்ஏ. 7.5 சி.சி., எடை குறைவு, 12 அங்குலத்துக்கு அக்கம்பக்கமும் பிட்ச் 4-க்கு அக்கம்பக்கமும் உள்ள ப்ராப்போடு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ விமானத்தை நிதானமாகச் சுமக்கும்.

‘பின்னாலும் உதவும்’ என்று பெரிய இன்ஜின் வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. சிறிய விமானத்தில் பெரிய இன்ஜின் போட்டால் மூக்கு கனத்து, அதைச் சமன் செய்ய வாலில் ஈயம் வைத்து, மொத்த எடை ஏறி, மூலை திரும்பவே திரும்பாது. இன்னொன்றும் உண்டு, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: இன்ஜினைத் தனியாக வாங்காதீர்கள், ஒரு செட்டாக வாங்குங்கள். அதே இன்ஜினை வைத்து நன்றாகப் பறக்கிற ஒருவரிடம் வென்சுரி (காற்று உள்ளே போகும் குழாய்) துளை எத்தனை மில்லிமீட்டர், நீடில் எது, ப்ராப் எது, எரிபொருளில் எத்தனை சதவீதம் எண்ணெய், டேங்க் எந்த வகை, கம்பி எவ்வளவு நீளம் என்று எல்லாவற்றையும் கேட்டு அப்படியே செய்யுங்கள். அவர் 9×4 என்றால் உங்களிடம் 9×6 சும்மா கிடக்கிறதே என்று அதை மாட்ட வேண்டாம். ஆறு விஷயத்தில் ஐந்தைக் காப்பியடித்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றியவர்கள்தான் இன்ஜின் சரியில்லை என்று விற்றுவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி: வீட்டில் ஆர்.சி. (ரேடியோ கன்ட்ரோல்) விமானத்தில் ஓடிய 46 இன்ஜின் ஒன்று கார்புரேட்டரோடு இருக்கிறது. பால் பேரிங் போட்டது, நல்ல வேகம். திராட்டிலைப் பாதியில் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு ஸ்டன்டுக்குப் பயன்படுத்தலாமா? (கோவை)

பதில்: பாதியில் கட்டி வைப்பது சரிவராது. கார்புரேட்டரின் பீப்பாய் பாதி மூடியிருக்கும்போது காற்றும் எரிபொருளும் சுமைக்குத் தகுந்தபடி சேர்ந்து ஏறி இறங்காது, மூக்கைத் தூக்கும் இடத்தில் ஒருமுறை திணறும், ஒருமுறை ஓடிப்போகும். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வென்சுரி போட வேண்டும். அது வெறும் துளையுள்ள அலுமினியக் குழாய், குறுக்கே ஸ்ப்ரே பாரும் நீடிலும் இருக்கும். லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் செய்து தந்துவிடுவார், கோவையில் அதற்கா பஞ்சம். துளையைச் சிறிதாகவே ஆரம்பியுங்கள். சிறிய துளையில் உறிஞ்சும் சக்தி அதிகம், பவர் குறைவு, ஸ்டன்டுக்கு இரண்டுமே நல்லது. பெரிதாக்குவது சுலபம், சிறிதாக்குவதற்கு இன்னொன்றுதான் கடைய வேண்டும்.

ஆனால் உங்கள் இன்ஜினைப் பொறுத்தவரை அதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஆர்.சி.-க்காக வேகமாகச் சுற்ற வடிவமைத்த பால் பேரிங் இன்ஜின்கள் எக்ஸாஸ்டை சீக்கிரம் திறந்து நேரம் கழித்து மூடும். இவற்றில் நாலு-இரண்டு பிரேக் மெல்ல வராது. திடீரென்று இரண்டு ஸ்ட்ரோக்குக்குத் தாவி, திரும்ப இறங்காமல் வட்டம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடும். அதை அடக்க முடியாது என்று சொல்லமாட்டேன், இன்ஜின் தலைக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) சேர்த்து, மஃப்ளரை மாற்றி அடக்கியவர்கள் உண்டு. அதற்குச் செலவாகும் நேரத்தில் எல்ஏ போன்ற ஒரு சாது இன்ஜினைத் தேடி வாங்கி நாலு மாதம் பறந்துவிடலாம். 46-ஐ ஆர்.சி.-யிலேயே ஓடவிடுங்கள்.

கேள்வி: இங்கே ஒரு வீட்டு கராஜ் விற்பனையில் ஃபாக்ஸ் 35 ஸ்டன்ட் இன்ஜின் பெட்டியோடு கிடைத்தது, ஓடவே இல்லை போலிருக்கிறது. நோப்ளர் விமானம் கட்டலாம் என்று இருக்கிறேன். எப்படி ஓட்டிப் பழக்குவது? ஆர்.சி. கடையில் விற்கும் எரிபொருளே போதுமா? (நியூ ஜெர்சி)

பதில்: அருமையான ஜோடி. 1950களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆல்ட்ரிச் வடிவமைத்த நோப்ளரும் இந்த இன்ஜினும் சேர்ந்துதான் அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கே ஸ்டன்ட் கற்றுக்கொடுத்தன. ஃபாக்ஸ் 35 முதலில் வந்தது 1940களின் கடைசியில், அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல், பெரும்பாலும் ஆர்கன்சாவில் உள்ள ஃபோர்ட் ஸ்மித் ஊரிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

கடை எரிபொருளை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இது எஃகு ஸ்லீவில் இரும்பு பிஸ்டன், கிராங்க் ஷாஃப்டுக்கு பால் பேரிங் இல்லாத வெறும் புஷ். ஆர்.சி. எரிபொருளில் எண்ணெய் 18 சதவீதம் வரை, அதுவும் பெரும்பாலும் செயற்கை எண்ணெய். ஃபாக்ஸுக்கு 25-க்கு மேல் வேண்டும், அதில் பாதியாவது ஆமணக்கு எண்ணெயாக இருக்க வேண்டும். நம் வீட்டு விளக்கெண்ணெய்தான், மாடல் எரிபொருளுக்கென்று சுத்தம் செய்தது. நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) 5 சதவீதம் போதும். ஆமணக்கு எண்ணெய் சூட்டில் ஆவியாகாமல் தாக்குப்பிடிக்கும், பிஸ்டன் மேல் பழுப்பாக ஒரு மெல்லிய படலமாகப் படிந்து இடைவெளியை அடைக்கும். இந்த இன்ஜினுக்கு அந்தப் படலம் தேவை.

பழக்குவதில் அவசரம் கூடாது. 10×6 ப்ராப் போட்டு, ஸ்டாண்டில் கட்டி, நல்ல ரிச்சாக நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறித்தான் அந்த இரும்பு பதத்துக்கு வரும். சில மணி நேரம் ஓடியபிறகு ஒரு சோதனை: ஓடும்போதே எரிபொருள் குழாயை விரலால் ஒரு கணம் நசுக்கி விடுங்கள். சத்தம் ஏறி இரண்டு ஸ்ட்ரோக்குக்குப் போய், விட்டதும் உடனே தடதடவுக்கு இறங்கினால் தயார். ஏறின இடத்திலேயே தொங்கி, இறங்க யோசித்தால் இன்னும் ஓட்ட வேண்டும். இதே முறையை ஓ.எஸ். எல்ஏ மாதிரி பித்தளை ஸ்லீவில் நிக்கல் பூசிய இன்ஜின்களுக்குச் செய்யக் கூடாது. அவை குளிர்ந்த நிலையில் மேல் பகுதியில் இறுக்கமாக இருக்கும், சூடானால்தான் விரியும், ரிச்சாகக் குளிர ஓட்டினால் தேய்ந்துவிடும். அவற்றை ஆரம்பத்திலேயே கொஞ்சம் சூடாக, இரண்டு ஸ்ட்ரோக்கை ஒட்டி, குறைந்த நேரம் ஓட்ட வேண்டும்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். சில திருப்பங்களில் ஃபாக்ஸ் ஒரு கணம் விக்கும். ‘ஃபாக்ஸ் பர்ப்’ என்றே அதற்குப் பெயர். பைபாஸ் அறையில் எரிபொருள் தேங்கிப் புரள்வதால் வருவது என்பார்கள், அந்த அறையின் ஒரு பகுதியை எபாக்ஸியால் நிரப்பி விக்கலைக் குறைப்பவர்கள் உண்டு. முதலில் அப்படியே ஓட்டிப் பாருங்கள். ஓடாத பழைய இன்ஜினை எபாக்ஸி வைத்துத் தொடங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: என் விமானம் நேராகப் பறக்கும்போது ஒரு சுற்றுக்கு 5.3 வினாடி, தலைகீழாகப் பறக்கும்போது 4.9. இன்ஜின் கோளாறா? மாற்றிவிடலாமா? (சிங்கப்பூர்)

பதில்: இன்ஜினில் எந்தக் குறையும் இல்லை, டேங்க் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. நேராக இருக்கும்போது டேங்க் ஸ்ப்ரே பாருக்கு மேலே, அதனால் கலவை ரிச், மெதுவாக ஓடுகிறது. தலைகீழானதும் டேங்க் கீழே போய்விடுகிறது, கலவை லீன் (எரிபொருள் குறைவு), வேகம் கூடுகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள், சுற்று நேரம் இரண்டு பக்கமும் ஒன்றாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு பக்கமும் 0.1 வினாடிக்குள் வந்துவிட்டால் அதோடு விட்டுவிடலாம். அப்படியே எரிபொருள் குழாயில் நுரை தெரிகிறதா என்றும் பாருங்கள். தட்டை உடல் விமானங்களில் அதிர்வு அதிகம், டேங்க் நேராக மரத்தில் இறுகக் கட்டியிருந்தால் எரிபொருள் நுரைத்துவிடும். அடியில் மெல்லிய பஞ்சுத் துண்டு வைத்துக் கட்டுங்கள், இன்ஜின் போல்ட்டுகளை ஒவ்வொரு முறையும் இறுக்குங்கள்.

கேள்வி: நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். க்ளோ இன்ஜினுக்கு (சூடான கம்பிச் சுருள் உள்ள ப்ளக்கால் எரியும் சாதாரண மாடல் இன்ஜின்) மெத்தனால் வேண்டும் என்கிறார்கள், கெமிக்கல் கடையில் கேட்டால் முறைத்துப் பார்க்கிறார்கள். நானே எரிபொருள் கலக்கலாமா? அல்லது எலக்ட்ரிக்குக்கே போய்விடட்டுமா? எலக்ட்ரிக்கில் ஸ்டன்ட் போட்டால் அது ஸ்டன்டா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். (மதுரை)

பதில்: தம்பி, கடைக்காரர் முறைத்ததில் தப்பே இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்க, வைத்திருக்க உரிமம் வேண்டும். அது இல்லாமல் தெரிந்தவர் மூலம் ஒரு கேன் வாங்கி ஹாஸ்டல் அறையில் வைப்பது என்ற பேச்சே வேண்டாம். உள்ளே போனால் கண் நரம்பு போய்விடும், தோல் வழியாகவும் ஏறும், தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்து வேறு யாராவது எடுத்துக் குடித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கல்லூரியில் என்.சி.சி. ஏர் விங் இருந்தால் அங்கே உள்ள ஏரோமாடலிங் பயிற்சியாளரைப் போய்ப் பாருங்கள். வாயு சைனிக் முகாம் போட்டிகளுக்காகக் கன்ட்ரோல் லைன் பழக்குபவர்கள் அவர்கள்தான், எரிபொருளை முறையாக எப்படி வாங்குவது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

டீசல் என்று ஒரு வழி இருக்கிறது. பெயர்தான் டீசல், பங்க்கில் விற்கும் டீசல் இல்லை. ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கு எண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சம பங்கு. ப்ளக் கிடையாது, தலையில் உள்ள திருகைத் திருகி அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவது. மெதுவாகச் சுற்றி பெரிய ப்ராப்பை இழுக்கும் குணம் இவற்றுக்கு உண்டு, 2.5 சி.சி. டீசலில் அழகாக ஸ்டன்ட் போடலாம். ஆனால் ஈதர் சட்டென்று ஆவியாகும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், மூடிய அறையில் மயக்கம் வரும். ஹாஸ்டலுக்கு அதுவும் ஆகாது.

ஆகவே உங்களுக்கு எலக்ட்ரிக். மனசைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. உலக அளவில் முன்னணியில் இருப்பவர்களில் பலர் எலக்ட்ரிக்குக்கு மாறிவிட்டார்கள், காரணம் நான் முதல் பதிலில் சொன்ன அந்தச் சீரான வேகம்தான். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.-யில் கவர்னர் முறை என்று உண்டு, சுமை ஏறினால் கரண்டைக் கூட்டி, இறங்கினால் குறைத்து மோட்டார் சுற்றை ஒரே எண்ணில் பிடித்து வைக்கும். ஃபாக்ஸ் 35 தன் இயல்பிலேயே செய்வதை இங்கே ஒரு சின்ன சிப் செய்கிறது. இன்னொரு லாபம்: 46 இன்ஜின் விமானம் கிளம்பும்போது 120 முதல் 150 மில்லி வரை எரிபொருளை மூக்குப் பக்கம் சுமக்கும், இறங்கும்போது அது இல்லை, அதனால் முதல் லூப்புக்கும் கடைசி நாலிதழுக்கும் விமானத்தின் குணமே மாறியிருக்கும். பேட்டரி எடை குறையாது.

40-46 சைஸுக்குச் சமமான விமானத்துக்கு நாலு அல்லது ஐந்து செல் லிப்போ பேட்டரி, 2,500 முதல் 3,000 எம்ஏஎச் வரை, ஐந்தரை நிமிடம் ஓட்டினால் முழு வரிசையும் முடிந்துவிடும். கூட ஒரு டைமர் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் நீங்கள் நடந்துபோய்க் கைப்பிடியை எடுக்க அவகாசம் கொடுத்துவிட்டு மோட்டாரைக் கிளப்பும், குறித்த நேரத்தில் நிறுத்தும். இதில் ஒரு ஆபத்து, க்ளோ இன்ஜினை நாம் தட்டினால்தான் ஓடும், மோட்டார் எப்போது வேண்டுமானாலும் ஓடும். பேட்டரிக்கு நடுவே கழற்றி மாட்டும் பிளக் ஒன்று வைத்து, வட்டத்துக்குள் போனபிறகு மட்டும் அதை மாட்டுங்கள். வீட்டு மேசையில் ப்ராப் மாட்டிய நிலையில் டைமரைச் சோதிக்காதீர்கள், விரல் போய்விடும்.

நண்பர்களிடம் சொல்லுங்கள், நடுவர் சதுர லூப்பின் மூலையைத்தான் பார்க்கிறார், டேங்க்கைத் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் இன்ஜின் சத்தம் பிடித்துத்தான் இதற்கு வந்தீர்கள் என்றால் அதையும் நான் குறை சொல்லமாட்டேன். படிப்பு முடித்து, ஒரு கிளப்பில் சேர்ந்து, முறையாக எரிபொருள் கிடைக்கும்போது அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் ஒரு ஓரமாக மின்கம்பி போகிறது. இருபது மீட்டர் கம்பிக்கு மைதானம் போதும், மின்கம்பி வட்டத்துக்கு வெளியேதான். ஓட்டலாமா? (சிவகாசி)

பதில்: கூடாது. இதில் யோசிக்க எதுவும் இல்லை. நீங்கள் கையில் பிடித்திருப்பது எஃகுக் கம்பி. வட்டத்துக்கு வெளியே என்று அளந்தாலும், காற்றில் நீங்கள் இரண்டு அடி பின்வாங்குவீர்கள், ஒரு கம்பி அறுந்தால் விமானம் எங்கே போகும் என்று தெரியாது. கன்ட்ரோல் லைன் கம்பி மின்கம்பியில் பட்டு உயிர் போனவர்கள் உண்டு. வேறு மைதானம் கிடைக்கும்வரை காத்திருங்கள். இடி மின்னல் உள்ள மாலையிலும் இதே பதில்தான். கூடவே, மணிக்கட்டில் வார் மாட்டாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள், பறக்கும் முன் கம்பி, கைப்பிடி, பெல்கிராங்க் எல்லாவற்றையும் சேர்த்து விமானத்தின் எடையைப்போல் பத்து மடங்கு இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு வருட அனுபவம் உண்டு, நாலு-இரண்டு பிரேக்கில் ஓடும் 35 இன்ஜின், 10×6 ப்ராப். அமைதியான நாளில் எல்லாம் சரி. காற்று அடித்தால் அடுத்தடுத்து மூன்று லூப் போடும்போது ஒவ்வொன்றுக்கும் வேகம் கூடிக்கொண்டே போய்க் கையைப் பிடுங்குகிறது. பெரிய இன்ஜின், பைப் எல்லாம் போட்டால் தீருமா? (மெல்போர்ன்)

பதில்: மெல்போர்ன் காற்றில் இது எல்லோருக்கும் வரும். லூப்பின் இறங்கும் பக்கத்தில் காற்று விமானத்தைத் தள்ளிக் கொடுக்கிறது, 6 அங்குல பிட்ச் ப்ராப் அந்த வேகத்தைத் தடுக்காமல் கூடவே போகிறது. அதனால் முதலில் செலவில்லாத வைத்தியம்: 11×5 போன்ற விட்டம் கூடி பிட்ச் குறைந்த ப்ராப் ஒன்றைப் போட்டு, சுற்று நேரம் பழையபடி வரும்வரை நீடிலைச் சரிசெய்யுங்கள். முழுக்கத் தீராது, ஆனால் வித்தியாசம் முதல் லூப்பிலேயே தெரியும்.

பைப் என்று நீங்கள் கேட்டது எக்ஸாஸ்டில் மாட்டும் டியூன்ட் பைப். 1980களில் அமெரிக்க ஸ்டன்டையே அது மாற்றியது. வேகப் போட்டிக்காரர்கள் பவருக்காகப் போடும் அதே பைப்பை ஸ்டன்ட்காரர்கள் கடிவாளமாகப் பயன்படுத்தினார்கள். பைப்பின் நீளத்தைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட சுற்றில்தான் அது இன்ஜினுக்கு உதவும். சுற்று குறைந்தால் உதவி வரும், கூடினால் அது நின்றுபோகும். அதோடு 4 அங்குலத்தை ஒட்டிய பிட்ச் உள்ள மூன்று பிளேடு கார்பன் ப்ராப்பும் சேர்ந்தால் காற்றில் வேகம் ஏறுவது வெகுவாகக் குறையும். 60 அங்குல இறக்கை, 1.7 கிலோ என்று விமானங்கள் வளர்ந்ததும் இதனால்தான்.

ஆனால் அது இன்னொரு விமானம். உங்கள் 35 சைஸ் விமானத்தில் பைப் வைக்க உடலில் பள்ளம் கிடையாது, எடை தாங்காது. பைப் நீளத்தைக் கால் அங்குலம் கால் அங்குலமாகக் குறைத்துக் கூட்டி, ஒவ்வொரு முறையும் பறந்து பார்த்துப் பிடிக்க ஒரு பருவமே போகும். போட்டியில் மேல் வரிசைக்குப் போக வேண்டும் என்ற தீர்மானம் இருந்தால் இறங்குங்கள், அங்கே உள்ள கிளப்பில் ஏற்கெனவே பைப் ஓட்டுபவரின் செட்டை அப்படியே கட்டுங்கள். அதே பணத்தில் எலக்ட்ரிக் பெரிய விமானம் ஒன்றும் கட்டலாம், இன்றைக்குத் தொடங்குவதாக இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. 0.8 சி.சி. காக்ஸ் குட்டி இன்ஜின் விமானத்தில் ஆரம்பிக்கலாமா? சின்னது, அடிபட்டாலும் பரவாயில்லை என்று பார்க்கிறேன். (டொரான்டோ)

பதில்: சின்னதுதான் கஷ்டம். 0.8 சி.சி. விமானம் பத்து பதினோரு மீட்டர் கம்பியில்தான் பறக்கும், சுற்று சட்டென்று முடிந்துவிடும், குழந்தைக்குத் தலை சுற்றிவிடும். லேசான காற்றடித்தாலே கம்பி தளரும். குட்டி இன்ஜின்களுக்கு நீடிலும் நுணுக்கம், ஒரு தூசி அடைத்தால் அன்றைய தினம் முடிந்தது. 15 சைஸ், அதாவது 2.5 சி.சி. இன்ஜின் போட்ட தட்டை உடல் பயிற்சி விமானம் வாங்குங்கள், 15 மீட்டர் கம்பி, நிதானமான சுற்று. பெரியவர் ஒருவர் இன்ஜினைக் கிளப்பட்டும். கையால் ப்ராப்பைத் தட்டாமல் ரப்பர் மாட்டிய குச்சியால் தட்டுங்கள், ப்ராப் சுற்றும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, உங்கள் மகள் உட்பட. முதல் சில டேங்க்குக்கு நீங்கள் அவள் பின்னால் நின்று கைப்பிடியை இரண்டு பேர் கையாலும் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றுங்கள். மணிக்கட்டை மடக்காமல் தோளிலிருந்து கையை அசைக்கச் சொல்லிக்கொடுங்கள். அவள் தனியாக இரண்டு டேங்க் நேராக ஓட்டி இறக்கும்வரை லூப் கேட்டால் கொடுக்காதீர்கள்.